மிஷின் எழுதாத சொல்

1974 செப்டம்பர் 19, வியாழன்

இன்று ஏசுரத்தினத்திடம் நான் சொல்லாமல் விட்டது: "மிஷின் எதையும் எழுதாது. கோடு மட்டும்தான் கிழிக்கும். பக்கத்தில் 'வெடி' என்று எழுதியது நான்."

காலையில் தாளை மாற்றிவிட்டு வெளியே வந்தபோது, நிலையத்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். எஸ்டேட் குவாரியில் பதினாறு வருடமாக வெடி வைக்கிறவர். ஒரு வாரமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். துவைத்த சட்டை, படிய வாரிய தலை. யாரோ பெரிய அதிகாரியைப் பார்க்க வந்தவர் போல நின்றார். எனக்கு வயது இருபத்து நான்கு. அவருக்கு என் வயதில் ஒரு தங்கை இருக்கலாம்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். இந்த மிஷின் தப்பாச் சொல்லுமா?"

இங்கே படித்த பெண் என்றால் டீச்சர்தான். நிலநடுக்கம் அளக்கும் நிலையத்தில் வேலை என்று நான்கு மாதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"மிஷின் தப்பு பண்ணாதுங்க" என்றேன்.

"அப்பம் நாந்தான் பண்ணிருக்கேன்" என்று சிரித்தார். கோபமாகச் சிரித்திருந்தால் தேவலை.

செப்டம்பர் 20, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பதினொன்றாம் தேதி புதன்கிழமை நடுப்பகலில் தரை ஆடியது. நான் நிலையத்தில்தான் இருந்தேன். மண்ணெண்ணெய் விளக்கில் கரி பிடித்த தாள் உருளையில் சுற்றிக்கொண்டிருக்க, அதன்மேல் ஓடும் ஊசி துள்ளித் துள்ளி வெள்ளையாகக் கிறுக்கியது. ஊசிக்கல் எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், மூன்றாவது லயத்தின் பின்சுவர் சரிந்து, காய்ச்சலில் படுத்திருந்த வேலுத்தாயின் கால் ஒடிந்தது. மற்றவர்கள் மலைக்கு மேலே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். தடாலென்று ஒரு சத்தம் கேட்டதாம். குவாரி என்றார்கள். இந்த ஊரில் தடாலென்று கேட்டால் வேறு என்ன?

குவாரியில் வெடி வைத்தால் என் ஊசியும் ஆடும். அதனால் எந்த நேரத்தில் வைத்தார்கள் என்று கேட்டுத் தாளில் 'வெடி' என்று குறித்துவிட வேண்டும், அதைப் பூமியின் கணக்கில் சேர்க்கக்கூடாது. அன்று கணக்கப்பிள்ளை பவுல்ராஜ் ஓட்டமாக வந்து ஒரு சீட்டைக் கொடுத்தார். 'குவாரி வெடி, 12.30.' என் தாளில் பெரிய ஆட்டம் 12.31. ஒரு நிமிடம் முன்பின் இருக்கும்தானே. எனக்கு இரண்டு மணி பஸ். என் ஊர் பெருமாட்டியில் அடுத்த நாள் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். 'வெடி' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். கரி அழியாமலிருக்க அரக்குக் கரைசலில் தோய்த்துத் தாளைக் காயப் போட்டுவிட்டு, மாற்று ஆளிடம் சாவியைக் கொடுத்து ஓடினேன்.

திரும்பி வந்தபோது, ஏசுரத்தினம் அளவுக்கு மீறி மருந்து கெட்டித்துச் சுவரைச் சாய்த்துவிட்டார் என்று எல்லாருக்கும் முடிவாகத் தெரிந்திருந்தது. அவர் ஒரே பேச்சாக நிற்கிறார்: "என் வெடி முடிஞ்சு எம்புட்டோ நேரம் கழிச்சுத்தான் செவுரு விழுந்துது." பவுல்ராஜ் ஒரே பதில் வைத்திருக்கிறார்: "மிஷினே சொல்லுதுய்யா."

அக்டோபர் நான்காம் தேதி விசாரணை. குற்றம் என்றால் வேலை போகும். வேலை போனால் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். அறை போனால் அவருக்கும் அவர் மனைவி புஷ்பமேரிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் இந்த மலையில் நிற்க ஓரிடம் கிடையாது.

புஷ்பமேரி என் குடியிருப்புக்கு அடுத்த அறை. ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறோம். இன்று தன் குடத்தை எடுத்துவிட்டு, "நீங்க முதல்ல பிடிங்க டீச்சர், ஆபீசுக்கு நேரமாச்சு" என்றாள்.

பிடித்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போய் வேலுத்தாயைப் பார்த்தேன். ஏன் போனேன்? வேலுத்தாயைப் பார்க்கத்தானா? தெரியவில்லை.

காலில் மாவுக்கட்டு. புருஷன் சங்கையா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். உரித்ததில் பாதியை அவரே தின்றார். வேலுத்தாய்க்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம்.

"எங்கிட்ட யாரு கேட்டா டீச்சர்? ஆளாளுக்கு அவுகளே பேசிக்கிடுதாக. அன்னைக்கு ஏசு அண்ணன் வெடி கேட்டுது. அப்பம் நான் கஞ்சி காய்ச்சிக்கிட்டு இருக்கேன். இறக்கி, ஆறவச்சு, குடிச்சு, சட்டியக் கழுவிக் கவுத்திட்டுப் படுத்தேன். ஒரு மணிச் சங்கு ஊதிச்சு. அதுக்குப் பொறவுதான் செவுரு மேல வந்துது."

"காய்ச்சல்ல ஒளறுதா" என்றார் சங்கையா.

"காய்ச்சல் ஒடம்புக்கு. காதுக்கு இல்ல."

ஒரு மணிச் சங்கு!

இந்த எஸ்டேட்டின் சங்கு ரேடியோவைவிட அரை மணி முந்தி ஊதும். வெளிச்சம் வந்ததும் ஆட்களை மலையேற்ற வெள்ளைக்கார துரை காலத்தில் வைத்த வழக்கம், யாரும் மாற்றவில்லை. சோறு, தூக்கம், ஜெபக்கூட்டம் எல்லாம் சங்கு நேரம். வெளியிலிருந்து வரும் பஸ் மட்டும் ரேடியோ நேரம், அதனால் எல்லாரும் அரை மணி முன்னாலேயே போய் மழையில் நிற்பார்கள். என் நிலையத்துக் கடிகாரம் ரேடியோ நேரம். இங்கே யார் நேரம் சொன்னாலும் அதில் அரை மணியைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவேன். நான்கு மாதமாக ஒரு நாள் தவறவில்லை. ஒரு நாள் தவிர.

பவுல்ராஜின் 12.30 சங்கு நேரம். அப்படியென்றால் வெடி என் கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு. தரை ஆடியது 12.31. அரை மணி நேர இடைவெளி. அவர் சொன்னது போலவே. வேலுத்தாய் சொன்னது போலவே.

என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே மரகதம்.

செப்டம்பர் 23, திங்கள்

தாளை மறுபடி எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஒரு சின்னக் கீறல். அன்று அதை லாரி என்று நினைத்திருப்பேன். அதுதான் ஏசுரத்தினத்தின் வெடி.

12.31 வேறு மாதிரி. பூமிக்குள்ளிருந்து வருவது இரண்டு அலையாக வரும், முன்னே ஒன்று வேகமாக, பின்னே ஒன்று மெதுவாக. மின்னலையும் இடியையும் போல. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு தூரம். குவாரி இங்கிருந்து ஒன்றரை மைல்தான், அங்கிருந்து வந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டே வந்துவிடும். இதில் ஒன்றரை விநாடி இடைவெளி தெளிவாக இருக்கிறது. பன்னிரண்டு கிலோமீட்டராவது இருக்கும். அங்கே குவாரி இல்லை. எஸ்டேட் இல்லை. மனிதரே இல்லை. காடு, அதற்குக் கீழே பாறை. ஒரு பக்கம், இந்த மழைக்கு மேலேறிய அணைத் தண்ணீர்.

இது படிக்கத் தெரியாமல் இல்லை எனக்கு. பார்க்காமல் எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

திரும்பவும் பார்த்தேன். மாறவில்லை.

செப்டம்பர் 25, புதன்

புதன்தோறும் குருவிளா சார் ஜீப்பில் வந்து வாரத்துத் தாள்களைப் பார்த்துவிட்டுப் போவார். என் மேலதிகாரி. மலையாளி. யாரையும் வையாத மனிதர். முதலில் தேநீர் குடித்தார். பிறகு நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"சரியாணு. இது வெடி இல்லா. போன வாரம் கண்டப்பளே எனக்கும் ஒரு சம்சயம்."

"பின்ன ஏன் சார் ஒண்ணும் சொல்லலை?"

"தாள்ல வெடின்னு எழுதியிருந்தது. வெடின்னா எல்லார்க்கும் சமாதானம், மரகதம்."

அந்த எல்லாருக்குள் ஏசுரத்தினம் எங்கே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வேறொன்று கேட்டேன்: இந்த மலையில் நிலநடுக்கமே வராது என்றுதானே கல்லூரியில் படித்தோம், பழைய பாறை, உறுதியான பாறை என்று?

அவர் மேஜையின் விரிசல் விட்ட பழைய பலகையைக் காட்டினார். "பழையதுன்னா விரிசல் இல்லைன்னு அர்த்தம் அல்ல. பழையதுக்குத்தான் விரிசல் அதிகம். எங்கேயோ தூரத்தில பூமி நெருக்குது. அந்த நெருக்கம் இவிட வரைக்கும் வருது. இமயத்தில அது வேகமா, அடிக்கடி தீரும். இங்கே துளித்துளியா சேரும். நூறு வருஷம், ஆயிரம் வருஷம். அப்புறம் ஒரு நாள் ஏதோ ஒரு பழைய விரிசல் வழுக்கும். கொஞ்சம் தண்ணி உள்ளே இறங்கினா சீக்கிரம் வழுக்கலாம். தண்ணியே இல்லாமலும் வழுக்கலாம்."

"அப்ப அணையாலதானா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஒரு தாளை வச்சு அத பறய முடியுமோ? ஆனா பத்திரிகைக்காரன் பறயும். ஏழு வருஷம் முன்னே கொய்னா அணைப் பக்கம் பூமி குலுங்கி ஆள் செத்தது எல்லார்க்கும் ஓர்ம உண்டு. இங்கே அணைன்னு ஒரு வார்த்தை விழுந்தா, கீழ உள்ள ஜனம் சட்டி பானையோட ஓடும். ஓடினா எத்தனை பேர் சாவும்?"

அவர் சொல்வதில் பொய் இல்லை. அதுதான் கஷ்டம்.

"நான் மேலே ரிப்போர்ட் அனுப்பறேன். அங்கே தீர்மானிக்கட்டும். நீ வெளியே ஒண்ணும் பேசண்டா. உன் வேலை தற்காலிகம், அது மறக்கண்டா. எனக்கும் ரெண்டு பெண் குட்டிகள் உண்டு, அதான் சொல்றேன்."

மேலே தீர்மானிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டேன். மாதக்கணக்கில் என்றார். விசாரணைக்கு ஒன்பது நாள்.

செப்டம்பர் 28, சனி

ஊரிலிருந்து என் கூடப்பிறந்த சென்னிமலை அண்ணன் வந்திருந்தான், ஒரு மூட்டைத் தேங்காயோடு. வாளையார் வரை சிமெண்டு லாரியில் போகிற ஆள், தங்கையைப் பார்க்க ஆறு மணி நேரம் பஸ்ஸில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க சரின்னுட்டாங்க அம்மிணி. பொண்ணு நகமெல்லாம் ஏன் கரின்னு மட்டும் கேட்டாங்க. அடுப்புக் கரி, பொண்ணு நல்லாச் சமைக்கும்னு அம்மா சொல்லிப் போட்டா."

சிரித்துவிட்டேன். பிறகு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் வெளியா?

அவன் நிதானமாகக் கேட்டான். "பூமி குலுங்கறது புதுசா என்ன? நம்ம தோட்டத்துக் கெணத்துல மேக்குப் பக்கம் மட்டும் வேற கல்லு இருக்குதே, பாத்திருக்கியா? எழுபத்தஞ்சு வருசம் இருக்கும், ஒரு தை மாசம் வெடியக்காலம் குலுங்குச்சாமா. கோயமுத்தூருல ஊடெல்லாம் வெடிச்சுப்போச்சாமா. அய்யன் சொல்லுவாரு."

ஆயிரத்துத் தொள்ளாயிரமாவது வருடத்து நிலநடுக்கம். புத்தகத்தில் அரை வரியாகப் படித்திருக்கிறேன். அந்தக் கிணற்றில் இருபது வருடம் தண்ணீர் குடித்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

"அப்ப அணையுமில்லே, வெடியுமில்லே. யாரைச் சொன்னாங்க அண்ணா?"

"கெணறு கட்டுன ஆளத்தான். ஒழுங்காக் கட்டலேன்னு ஊர விட்டே தொரத்தி உட்டாங்களாமா." தேங்காய் நாரைப் பிய்த்தான். "பாவம். அந்தாளும் என்ன பண்ணுவான்."

பஸ் ஏறும்போது சொன்னான்: "நீ சொல்லோணும்னு தோணுச்சுன்னா சொல்லிப் போடு. வேல போனா போவுது, ஊடு எங்கயும் போகாது. மாப்பிள்ளைக்கு என்ன சொல்றதுன்னு மட்டும் சீக்கிரம் சொல்லு, எம்பட உசிர எடுக்கறாங்க."

செப்டம்பர் 29, ஞாயிறு

நிலநடுக்கம் வராத பகுதி. எத்தனை முறை படித்து, எழுதி, மதிப்பெண் வாங்கிய வாக்கியம்! அதற்கு உண்மையில் என்ன அர்த்தம்? யாரும் பார்த்து எழுதி வைக்கவில்லை என்பதுதான். இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் உள்ள காலம் மனிதருடைய ஞாபகத்தைவிட நீளம் என்பதுதான். ஜப்பானில் தரை ஆடினால் தரை ஆடுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். இங்கே தரை ஆடினால் யாரோ ஆட்டினார்கள் என்றுதான் தோன்றும். தெரியாத ஒன்று வந்து அடிக்கும்போது தெரிந்த முகம் ஒன்றைத் தேடுகிறோம். மருந்துப் பெட்டியோடு தினமும் குவாரிக்குப் போகிற ஒருவர் இருந்தால் தேடவே வேண்டாம்.

நானும் அதைத்தான் செய்தேன். நான்கு வருடம் படித்துவிட்டு.

அக்டோபர் 1, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

குழாயடியில் புஷ்பமேரி மட்டும் இருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று நாளாக வாக்கியம் கட்டி வைத்திருந்தேன். ஒன்றும் நினைவு வரவில்லை. "அந்தத் தாள்ல வெடின்னு எழுதினது நான்தான். தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

குடம் நிரம்பி வழிந்தது. அவள் மூடவில்லை.

"உங்க கையா அது?"

"ஆமா."

"இருவது நாளாச்சு. கடையில ஒருத்தி எனக்கு முகம் குடுக்கல. எம் மவன 'வெடிகாரன் மவனே'ன்னு பள்ளிக்கூடத்துல அடிச்சிருக்கானுவ. அவுக ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, நெசமாவே நான் கூடக் கெட்டிச்சுட்டேனோ மேரின்னு எங்கிட்டயே கேக்காக. அவுகளுக்கே அவுக மேல நம்பிக்கை போச்சு. நீங்க தினம் இங்க வந்து தண்ணி பிடிச்சிட்டுப் போனீக. நான் குடத்த நவுத்தி வேற குடுத்தேன்."

"மன்னிச்சிரு மேரி."

"அது எதுக்கு எனக்கு?" என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நிமிடத்தில் ஏசுரத்தினம் நிலையத்துக்கு வந்தார். இந்தத் தடவை வேலிக்கு வெளியே நிற்க விடவில்லை. உள்ளே கூட்டிப்போய்த் தாளைக் காட்டினேன். விதிப்படி காட்டக்கூடாது. 12.31இன் பெரிய கிறுக்கலை வெகுநேரம் பார்த்தார்.

"இது பூமியா?"

"பூமிங்க."

"என்னது எங்க?"

பன்னிரண்டு மணிக் கீறலைக் காட்டினேன். குனிந்தார். கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார். முகத்தில் நிம்மதியும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. "பதினாறு வருசமா மலையையே பொளக்கோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன் டீச்சர்."

அதற்குப் பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்டோபர் 4, வெள்ளி

விசாரணை எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில். மேனேஜர் நாற்காலியில், பவுல்ராஜ் நோட்டோடு பக்கத்தில். சங்கையா ஒரு தூணோரம், ஏசுரத்தினம் இன்னொரு தூணோரம். கூப்பிடாமல் வந்து நின்றது நான் மட்டும்தான். தாளைப் பழைய செய்தித்தாளில் சுருட்டி எடுத்துப் போயிருந்தேன்.

வரிசையாகச் சொன்னேன்: சங்கு நேரம், ரேடியோ நேரம், நான் கழிக்க மறந்த அரை மணி, சின்னக் கீறல், பெரிய ஆட்டம், மின்னல், இடி. அணை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. தெரியாததைச் சொல்லக்கூடாது என்று மட்டும் தீர்மானம் பண்ணியிருந்தேன். வேலுத்தாய் கேட்ட ஒரு மணிச் சங்கைச் சொன்னபோது பவுல்ராஜ் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அன்னைக்கு நீரு குடுத்த சீட்டுல சங்கு நேரமாய்யா?" என்று மேனேஜர் அவரைக் கேட்டார்.

"இங்கன வேற நேரம் ஏது துரை?" என்றார் பவுல்ராஜ். அவர் மேல் என்ன தப்பு?

"அப்போ யார் தப்பு?" என்றார் மேனேஜர்.

"என் தப்புங்க. எழுதினது நான்" என்றேன்.

அப்போதுதான் சங்கையா தூணை விட்டு முன்னே வந்தார். சத்தம் போடவில்லை.

"சரி டீச்சர். இவன் இல்ல. அப்பம் எம் பொஞ்சாதி கால ஒடிச்சது யாரு?"

"யாருமில்லைங்க" என்றேன்.

"யாருமில்லாம எப்படிம்மா ஒரு கால் ஒடியும்?"

மேனேஜர் தன் நோட்டைப் பார்த்தார். அந்த லயத்துச் சுவர் மண்ணும் கல்லும், எத்தனையோ மழைக்கு ஊறியது, இரண்டு வருடமாகப் பூச வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும், அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

சொன்னது ஏசுரத்தினம். "செவுரு நல்லா இருந்திருந்தா நின்னுருக்கும் துரை" என்றார். தன் வழக்கைப் பேச வந்தவர் சங்கையாவின் சுவரைப் பேசினார்.

அக்டோபர் 5, சனி

யாருமில்லை. அந்த வார்த்தையைத் தவிர வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். இன்னும் தோன்றவில்லை.

அக்டோபர் 9, புதன்

குருவிளா சார் தேநீர் குடிக்கவில்லை. மெமோவை நீட்டினார். அலுவலகத் தாளை அனுமதியின்றி வெளியே கொண்டு போனதற்கு விளக்கம் கேட்டு. 'கொண்டு போனேன்' என்று ஒரு வரியில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "விளக்கம் எங்கே?" என்றார். அதுதான் சார் என்றேன். மார்ச் முப்பத்தொன்றுக்கு மேல் வேலையை நீட்டிக்க மாட்டார்கள், அதுவரை ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஜீப்பில் ஏறிய பிறகு, "நீ எழுதிய திருத்தம் சரியாணு. நான் கையொப்பு இட்டு மேலே அனுப்பியாச்சு" என்றார்.

அக்டோபர் 14, திங்கள்

ஏசுரத்தினத்தின் மேல் குற்றமில்லை என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். அறையும் உண்டு, வேலையும் உண்டு. ஆனால் குவாரியை மூடிவிட்டார்கள், முன்னெச்சரிக்கை என்று. வெடிக்காரருக்குக் கவ்வாத்துக் கத்தி கொடுத்துத் தேயிலைச் செடி வெட்ட அனுப்பியிருக்கிறார்கள். சின்னப் பையன்கள்கூட அவரைவிட வேகமாக வெட்டுகிறார்களாம்.

மூன்றாவது லயத்துக்குச் சிமெண்டு மூட்டைகள் வந்து இறங்கின. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அண்ணனுக்கு எழுதிவிட்டேன், மாப்பிள்ளை வேண்டாம் என்று. காரணம் எழுதவில்லை. கரி போகாது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளட்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

வேலுத்தாய் கம்பு ஊன்றி நடக்கிறாள். என்னைப் பார்த்தால் கையசைக்கிறாள். சங்கையாவும் ஏசுரத்தினமும் ஒரே மலையில் வெட்டுகிறார்கள், ஆனால் பேசுவதில்லை என்று பவுல்ராஜ் சொன்னார். குற்றமில்லை என்று போர்டில் ஒட்டினால் போதுமா? இருபது நாள் ஒருவரைக் குற்றவாளி என்று பார்த்த கண், மறுநாள் எப்படிப் பார்க்கும்?

புஷ்பமேரி குழாயடியில் நான் வந்தால் விலகி நிற்கிறாள். கோபமாக அல்ல. நான் பிடித்து முடிக்கும்வரை வேறு பக்கம் பார்க்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை சொல்ல எதுவும் இல்லாததால்.

1975 பிப்ரவரி 16, ஞாயிறு

பிற்பகல் 2.17க்கு மறுபடி ஆடியது. சங்கு நேரத்தில் 2.47. செப்டம்பரைவிடப் பெரியது, ஊசி தாளின் ஓரம்வரை போய் வந்தது. குவாரி மூடி நான்கு மாதம். ஞாயிறு என்பதால் எல்லாரும் லயத்துக்குள் இருந்தார்கள்.

நான் தாளைக் கழற்றி, புதிதாகச் சுற்றி, ரேடியோவோடு நேரம் சரிபார்த்து முடிக்க ஒரு மணி நேரமாகிவிட்டது. கதவுக்கு வெளியே புஷ்பமேரி நின்றாள். எத்தனை நேரமாக நின்றாளோ.

"டீச்சர், நீங்க நல்லா இருக்கீகளா?" என்றாள்.

இருக்கிறேன் என்றேன். அவளே சொன்னாள். ஆட்டம் தொடங்கியதும் சங்கையா வேலுத்தாயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறார். அவளை முற்றத்தில் இறக்கிவிட்டு, திரும்ப ஓடி வந்து இவர்கள் கதவை உதைத்திருக்கிறார். "ஏ ஏசு! பிள்ளையளத் தூக்கிட்டு வெளிய வாடே!" என்று. இவர்கள் வெளியே வந்ததும், ஆண்கள் இருவருமாக அந்த வரிசையிலும் அடுத்த லயத்திலும் எல்லாக் கதவுகளையும் தட்டிக்கொண்டே போனார்களாம்.

நான்காவது லயத்தில் ஒரு சுவர் விழுந்தது. யாருக்கும் அடியில்லை.